பழைய ஜீப்புக்கு எந்த ஆயில்? - டின்னுக்குப் பின்னால் ஒரு வரலாறு

1940ஆம் வருடம் செப்டம்பர் 23ஆம் தேதி. அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்தில் உள்ள ஹோலபேர்ட் ராணுவ முகாம். மாலை ஐந்து மணிக்குள் மாதிரி வண்டி வந்து சேர வேண்டும் என்பது ராணுவம் வைத்த கெடு. நாலரை மணிக்கு ஒரு குட்டி வண்டி உள்ளே நுழைந்தது! பென்சில்வேனியாவின் பட்லர் நகரில் இருந்த பாண்டம் என்ற சின்னக் கம்பெனி 49 நாட்களில் செய்து முடித்த வண்டி அது. கார்ல் ப்ராப்ஸ்ட் என்பவர் வடிவமைத்தது. பட்லரில் இருந்து சாலை வழியாக ஓட்டியே கொண்டு வந்திருந்தார்கள். பின்னால் உலகம் முழுக்க 'ஜீப்' என்று பெயர் வாங்கிய வண்டியின் தாத்தா அதுதான்.

பாண்டம் கம்பெனியால் லட்சக்கணக்கில் செய்து தர முடியாது என்று ராணுவம் நினைத்தது. வரைபடங்கள் வில்லிஸ், ஃபோர்டு என்ற இரண்டு பெரிய கம்பெனிகளுக்குப் போயின. போர் முடிவதற்குள் இரண்டும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகளைச் செய்து தள்ளின. இந்தக் கதையைப் பலர் எழுதியாயிற்று. அவ்வளவாக யாரும் எழுதாத கதை ஒன்று அந்த வண்டியின் வயிற்றுக்குள் இருக்கிறது.

ஒரு ஜீப்புக்குள் எத்தனை வகைத் திரவம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். இன்ஜினில் ஒன்று. கியர் பாக்ஸில் ஒன்று. அதன் பின்னால் நான்கு சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில் ஒன்று. முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில் ஒவ்வொன்றிலும் ஒன்று. ஸ்டியரிங் பாக்ஸ், பிரேக், ரேடியேட்டர். ஆக எட்டு இடம்! சாதாரணக் காரில் இல்லாத டிரான்ஸ்ஃபர் கேஸும் முன் ஆக்ஸிலும் ஃபோர் வீல் வண்டியில் கூடுதல். தப்பு செய்ய இரண்டு இடம் அதிகம் என்றும் சொல்லலாம்.

எட்டில் எதில் தப்பினாலும் காசு போகும். ஒன்றில் தப்பினால் உயிரே போகும். கொல்லிமலைக்கு ஏறுகிற பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே இறங்கும் ஒரு பழைய ஜீப்பில் பிரேக் மிதி தரை வரைக்கும் போய்விட்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. பழைய வண்டி வாங்குகிறவர்களில் பலருக்கு அதன் கையேடு கிடைப்பதில்லை. தெரிந்த மெக்கானிக் "90 ஊத்துங்க, போதும்" என்பார். கடைக்காரர் இருக்கிற டின்னை எடுத்துக் கொடுப்பார். டின்னின் மேல் இருக்கிற எழுத்துக்களும் எண்களும் எங்கிருந்து வந்தன என்பது தெரிந்தால் அந்த டின்னைக் கொஞ்சம் திருப்பிப் பார்க்கத் தோன்றும். அந்த எண்கள் ஒவ்வொன்றும் எங்கோ ஏதோ ஒன்று உடைந்த பிறகு வந்தவை.

90 பெரிதா, 40 பெரிதா?

முதலில் எண்கள். அமெரிக்காவின் ஆட்டோமொபைல் இன்ஜினியர்கள் சங்கம், அதாவது எஸ்.ஏ.இ., 1905இல் தொடங்கியது. 1911இல் இன்ஜின் ஆயிலை அதன் கெட்டித்தன்மையை வைத்து வகைப்படுத்தினார்கள். அதற்கு முன்பு 'லைட்', 'மீடியம்', 'ஹெவி' என்று ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தது. ஒருவரின் மீடியம் இன்னொருவரின் ஹெவி!

எஸ்.ஏ.இ. எண் தரத்தைக் குறிப்பதல்ல, கெட்டித்தன்மையை மட்டும்தான் குறிக்கிறது. பலருக்கும் இங்கேதான் சறுக்குகிறது. இன்ஜின் ஆயிலுக்கு ஒரு அளவுகோல், கியர் ஆயிலுக்கு வேறொரு அளவுகோல். கியர் ஆயில் 90 என்பது இன்ஜின் ஆயில் 40ஐப் போல இரண்டு மடங்கு கெட்டி என்று நினைத்தால் அது தவறு. இரண்டும் ஏறத்தாழ ஒரே கெட்டிதான், அல்லது 50க்குப் பக்கம். கடையில் டின் மாறிவிடக் கூடாது என்பதற்காகவே எண்களைத் தள்ளித் தள்ளி வைத்தார்கள்.

1944இல் அமெரிக்க ராணுவம் ஜீப்புக்கு வெளியிட்ட தொழில்நுட்பக் கையேட்டைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். இன்ஜினுக்கு 4 குவார்ட், அதாவது ஏறத்தாழ 3.8 லிட்டர். கியர் பாக்ஸுக்கு வெறும் முக்கால் குவார்ட், 700 மில்லி! டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு ஒன்றரை குவார்ட். ஆக்ஸில் ஒவ்வொன்றுக்கும் ஒன்றேகால். எந்த ஆயில் என்ற கேள்விக்குப் பதிலும் சுருக்கம்தான். இன்ஜினுக்கு ராணுவ இன்ஜின் ஆயில், வெயில் காலத்தில் 30, குளிரில் 10. கியர் உள்ள இடத்துக்கெல்லாம் 'யுனிவர்சல்' கியர் ஆயில், 90 அல்லது 80. அவ்வளவே.

காரணம் புரிந்துகொள்ளக் கூடியது. வட ஆப்பிரிக்கப் பாலைவனத்திலும் பர்மாக் காட்டிலும் ஒரே நேரத்தில் போர் நடக்கிறது. ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனி டின் அனுப்பிக்கொண்டிருக்க முடியாது. டாங்கிக்கும் லாரிக்கும் ஜீப்புக்கும் பொதுவாக ஒன்றிரண்டு ஆயில் இருந்தால் போதும் என்று ராணுவம் நினைத்தது. ஆயில் கம்பெனிகள் ராணுவத்தின் தரத்துக்குத் தக்கபடி ஆயிலைச் செய்தன. போர் முடிந்த பிறகு அந்த ராணுவத் தர எண்களே சிவிலியன் சந்தைக்கும் அடிப்படையாகின. இன்றைக்குக் கடையில் வாங்குகிற கியர் ஆயிலின் வம்சாவளியைத் தேடிப்போனால் ஒரு ராணுவக் கிடங்கில்தான் போய் நிற்கும்.

இன்ஜினுக்குள் சோப்பு

1930களின் நடுப்பகுதி. கேட்டர்பில்லர் கம்பெனியின் டீசல் டிராக்டர்களில் ஒரு தொல்லை. பிஸ்டன் ரிங்குகள் கரி பிடித்து ஒட்டிக்கொண்டன. சுத்தமான ஆயில்தான் ஊற்றினார்கள், ஆனாலும் ஒட்டியது. கடைசியில் ஆயிலுக்குள்ளேயே அழுக்கைக் கரைத்து வைத்துக்கொள்ளும் சோப்பு போன்ற ஒரு சேர்மானத்தைக் கலந்து பார்த்தார்கள். கலிபோர்னியாவின் ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனி 1935இல் இப்படி ஓர் ஆயிலை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 'டிடர்ஜென்ட் ஆயில்' என்ற வகை அங்கிருந்துதான் பரவியது.

ஊற்றிய சில நாளில் ஆயில் கறுத்துவிட்டால் "ஆயில் மட்டம்" என்று சிலர் சொல்வார்கள். உண்மையில் அது வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். அழுக்கு இன்ஜின் சுவரில் படியாமல் ஆயிலில் மிதக்கிறது, ஆயிலை மாற்றும்போது அதோடு வெளியே போகிறது. ஆனால் இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. பல வருடங்கள் சோப்பு இல்லாத பழைய பாணி ஆயிலில் ஓடி, உள்ளே விரல் கனத்துக்குக் கசடு படிந்த இன்ஜினில் திடீரென்று நவீன ஆயிலை ஊற்றினால், கசடு கட்டிகளாகப் பெயர்ந்து ஆயில் வழியை அடைத்துவிடலாம். வில்லிஸ் ஜீப்பில் எல்லா ஆயிலும் ஃபில்டர் வழியே போவதில்லை, ஒரு பகுதி மட்டும்தான் போகும் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். இப்படிப்பட்ட இன்ஜினுக்கு ஆயில் பானை, அதாவது சம்ப்பைக் கழற்றிச் சுத்தம் செய்துவிட்டுப் புது ஆயில் ஊற்றுவதுதான் முறை.

இன்னொரு சேர்மானம் ஜிங்க். முழுப் பெயர் ஜிங்க் டையல்கைல் டைதையோபாஸ்பேட், சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். 1940களில் பேரிங்குகள் அரிப்பதைத் தடுக்கத்தான் இதைக் கலந்தார்கள். பிறகுதான் கேம் ஷாஃப்ட்டும் டேப்பெட்டும் உரசும் இடத்தில் தேய்மானத்தையும் குறைக்கிறது என்று தெரிந்தது. அறுபது எழுபது வருடங்களாக நல்ல பெயர். ஆனால் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வந்த பிறகு இதில் உள்ள பாஸ்பரஸ் அதற்கு விஷமாகிறது என்று அளவைக் குறைக்கத் தொடங்கினார்கள். 1996இல் வந்த எஸ்.ஜே. தரத்தில், புது வண்டிகளுக்கான மெல்லிய ஆயில்களில் 0.10 சதவீதத்துக்கு மேல் கூடாது. 2004இல் எஸ்.எம். தரத்தில் அது 0.08 ஆனது.

பழைய வண்டிக்காரர்கள் மத்தியில் இது பெரிய பீதியைக் கிளப்பியது. கொஞ்சம் நியாயமான பயம்தான், ஆனால் எல்லா இன்ஜினுக்கும் ஒரே அளவு பயம் தேவையில்லை. வால்வ் ஸ்பிரிங் பலமாக இருக்கும் பெரிய வி-8 இன்ஜின்களில் டேப்பெட் மேல் அழுத்தம் அதிகம், அங்கே ஜிங்க் முக்கியம். வில்லிஸின் 60 குதிரைசக்தி பக்கவாட்டு வால்வ் இன்ஜினில் ஸ்பிரிங் மென்மையானது. அது பிறந்த காலத்து ஆயிலில் ஜிங்க்கே கிடையாது! அதற்குச் சாதாரணமாகக் கிடைக்கும் நல்ல ஆயிலே போதும்.

பித்தளையைத் தின்ற ஆயில்

1926இல் பேக்கர்ட் கார் கம்பெனி 'ஹைபாயிட்' என்ற புது வகைப் பல்சக்கரத்தைப் பின் ஆக்ஸிலில் வைத்தது. க்ளீசன் என்ற கம்பெனி உருவாக்கிய முறை. வழக்கமாகப் பினியன் பல்சக்கரம் கிரவுன் வீலின் நடு மையத்துக்கு நேராக வரும். ஹைபாயிடில் அது மையத்துக்குக் கீழே தள்ளி உட்காரும். அதனால் கூட்டுத்தண்டு கீழே இறங்கும், காரின் தரை தாழும், சத்தமும் குறையும். எல்லாம் சரி. ஆனால் இந்தப் பற்கள் ஒன்றன் மேல் ஒன்று உருள்வதோடு நிற்காமல் கடுமையான அழுத்தத்தில் வழுக்கவும் செய்கின்றன. சாதாரண ஆயில் படலம் அந்த அழுத்தத்தில் பிய்ந்துபோய் இரும்போடு இரும்பு உரசும்.

எனவே கந்தகமும் பிறகு பாஸ்பரஸும் கலந்த 'எக்ஸ்ட்ரீம் பிரஷர்' ஆயில் வந்தது. டின்னில் ஈ.பி. 90 என்று இருப்பது இதுதான். சூடாகும் புள்ளியில் கந்தகம் இரும்போடு சேர்ந்து ஒரு மெல்லிய தோலை உண்டாக்கும். அந்தத் தோல் தேயும், பல் தேயாது. மறுபடி புதுத் தோல் வளரும். ஆயில் தன் உயிரைக் கொடுத்துப் பல்லைக் காப்பாற்றுகிறது என்று சொல்லலாம்.

ஜீப்பின் முன், பின் ஆக்ஸில்கள் இரண்டிலும் ஹைபாயிட் பற்கள்தான். ஆக அங்கே ஈ.பி. கண்டிப்பாக வேண்டும். ஆனால் கியர் பாக்ஸுக்குள் வேறொரு பிராணி இருக்கிறது. கியர் மாற்றும்போது கர்ரென்று சத்தம் வராமல் வேகத்தைச் சமன் செய்யும் சிங்க்ரோனைசர் வளையம். அது பித்தளை. கந்தகத்துக்குச் செம்பு கலந்த உலோகம் என்றால் கொள்ளைப் பிரியம். வெள்ளிக் கொலுசு கறுப்பதும் இதே கந்தகத்தின் வேலைதான்.

போருக்குப் பின் 1946இல் வந்த அமெரிக்க ராணுவத் தரம் இன்றைய ஜி.எல்-4க்குக் கிட்டத்தட்ட சமம். 1962இல் வந்த அதன் அடுத்த பதிப்பு ஜி.எல்-5க்கு வழிவகுத்தது. ஜி.எல்-5இல் அந்தச் சேர்மானங்கள் ஏறத்தாழ இரண்டு மடங்கு. எண் பெரிது, ஆகவே இதுதான் உயர்ந்தது என்று நினைத்து எல்லா இடத்திலும் ஊற்றியவர்கள் ஏராளம். ஆக்ஸிலுக்கு அது உயர்ந்ததுதான். பித்தளை வளையம் இருக்கும் பழைய கியர் பாக்ஸுக்கு அது மெதுவாகக் கொல்லும் மருந்து. இப்போதைய ஜி.எல்-5 ஆயில்கள் பலவும் செம்பை முன்பு போல அரிப்பதில்லை என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள், சோதனைகளும் ஓரளவுக்கு அப்படித்தான் காட்டுகின்றன. ஆனால் அரிக்காவிட்டாலும் வழுக்கல் இருக்கிறது. சிங்க்ரோனைசர் வேலை செய்ய வேண்டுமானால் அது கொஞ்சம் பிடிக்க வேண்டும், வழுக்கிக்கொண்டே இருந்தால் கியர் விழாது. சரியானதை ஊற்றியும் கியர் கர்ரென்றால் வேறு காரணம் தேடலாம்.

கொடுமை என்னவென்றால் கடையில் பல டின்களில் பெரிய எழுத்தில் 'ஈ.பி. 90' என்று மட்டும் இருக்கும். ஜி.எல்-4ஆ ஜி.எல்-5ஆ என்பது பின்பக்கம் சின்ன எழுத்தில். அந்தச் சின்ன எழுத்தைத்தான் படிக்க வேண்டும்.

பிரிட்டனின் லேண்ட் ரோவர் கதையில் இதற்கு ஒரு சுவாரசியமான திருப்பம் உண்டு. 1948 ஏப்ரல் 30ஆம் தேதி ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான வண்டி அது. தொடக்க கால லேண்ட் ரோவர்களின் கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் பாக்ஸ், ஆக்ஸில் எல்லாவற்றுக்கும் ஈ.பி. 90தான். ஆனால் 1980களில் லேண்ட் ரோவர்களில் வந்த எல்.டி.77 என்ற ஐந்து கியர் பாக்ஸ், கையால் கியர் போடுகிற பாக்ஸாக இருந்தும், ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்கான சிவப்பு ஆயிலைக் கேட்டது! அதற்குப் பின் வந்த ஆர்.380 பாக்ஸுக்கு அதுவும் இல்லை, வேறு தனி ஆயில். மூன்றும் லேண்ட் ரோவர்தான், பார்வைக்கும் ஒரே மாதிரி வண்டிகள்தான். "லேண்ட் ரோவருக்கு எந்த கியர் ஆயில்?" என்று பொதுவாகக் கேட்டால் பதில் சொல்ல முடியாது. எந்த வருடம், எந்த பாக்ஸ் என்று கேட்டால்தான் முடியும்.

திமிங்கிலமும் சிவப்பு ஆயிலும்

அந்தச் சிவப்பு ஆயில் எங்கிருந்து வந்தது? 1949இல் ஜெனரல் மோட்டார்ஸ் 'டைப் ஏ' என்ற ஆட்டோமேட்டிக் ஆயில் தரத்தைக் கொண்டுவந்தது. 1967இல் 'டெக்ஸ்ரான்' வந்தது. இந்த ஆயில்களில் வழுக்கலையும் பிடிப்பையும் சரியான அளவில் வைத்திருக்க ஒரு பொருள் கலந்தார்கள். ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் தலையில் இருந்து எடுத்த எண்ணெய்!

இது கற்பனை அல்ல. மெழுகைப் போன்ற அமைப்பு உடைய அந்த எண்ணெய் அதிக சூட்டிலும் கெடாது, உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும். கியர் ஆயில்களிலும் அதைச் சேர்த்தார்கள். நிலா வரைக்கும் மனிதன் போன காலத்தில் கார் ஓட்டுவதற்குத் திமிங்கிலம் தேவைப்பட்டது. 1970இல் அமெரிக்கா பெரிய திமிங்கிலங்களை அழியும் இனங்களின் பட்டியலில் சேர்த்து இறக்குமதியை நிறுத்தியது. மாற்றுப் பொருளோடு 1973இல் டெக்ஸ்ரான்-2இன் முதல் வடிவம் வந்தபோது, அது ஆயில் கூலரின் பற்றவைப்புகளை அரித்தது. மறுபடி திருத்தி இன்னொரு வடிவம் வெளியிட வேண்டியதாயிற்று. பாலைவனத்தில் வளரும் ஹொஹோபா என்ற செடியின் எண்ணெய்க்குத் திடீர் மவுசு வந்ததும் இந்தக் காலத்தில்தான்.

ஃபோர் வீல் வண்டிகளில் ஆட்டோமேட்டிக் கியர் என்பது 1963 மாடல் ஜீப் வேகனியரில் வந்தது. பத்து வருடம் கழித்து, 1973 மாடலில், எப்போதும் நான்கு சக்கரமும் இயங்கும் 'குவாட்ரா-டிராக்' அமைப்பு. அதன் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் சங்கிலியும், வழுக்கலைக் கட்டுப்படுத்தும் கூம்பு வடிவ கிளட்சுகளும் இருந்தன. அதற்கென்று தனி ஆயில். தெரியாமல் சாதாரண ஆயிலை ஊற்றியவர்களின் வண்டி, மெதுவாகத் திரும்பும்போது முனகியது, நடுங்கியது. வண்டியே கெட்டுவிட்டது என்று டிரான்ஸ்ஃபர் கேஸைப் பிரித்தவர்கள் உண்டு. பழுது டின்னில் இருந்தது.

ஆயில் அல்லாத ஆயில்

இனி எட்டில் முக்கியமானது. தமிழ்நாட்டில் எந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் "பிரேக் ஆயில் குடுங்க" என்றுதான் கேட்கிறோம். அது ஆயிலே இல்லை! இந்த ஒரு பெயரால் எத்தனை வண்டிகள் பாழாகியிருக்கும் என்று கணக்கெடுத்தால் தெரியும்.

மால்கம் லாக்ஹெட் என்பவர் 1917இல் திரவத்தால் இயங்கும் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். லாக்ஹீட் விமானக் கம்பெனியை ஆரம்பித்த ஆலனின் சகோதரர் இவர். 1921இல் டியூசன்பர்க் காரிலும், 1924இல் கிறைஸ்லர் காரிலும் இந்த பிரேக் வந்தது. முதலில் தோல் வளையங்கள், பிறகு ரப்பர் கப்புகள். அந்தக் காலத்து ரப்பர் என்றால் இயற்கை ரப்பர். பெட்ரோலியத்தில் இருந்து வரும் எந்த ஆயில் பட்டாலும் இயற்கை ரப்பர் ஊதிப்போகும். அதனால் வேறு திரவம் தேடினார்கள். கிடைத்தது என்ன தெரியுமா? விளக்கெண்ணெய்!

ஆம், நம் ஆமணக்குதான். ரப்பரை அவ்வளவாகக் கெடுக்காது, வழுக்கும், சூட்டைத் தாங்கும். ரொம்பக் கெட்டி என்பதால் ஆல்கஹால் கலந்து இளக்கினார்கள். பல வருடங்களுக்கு உலகத்துக் கார்களை நிறுத்தியது இந்தக் கலவை. ஆமணக்குக்கும் வண்டிக்கும் உள்ள உறவு அதைவிடப் பழையது. கருக்கிய வைக்கோல் சாம்பலை விளக்கெண்ணெயில் குழைத்து மாட்டு வண்டி அச்சுக்கு மை போட்டது தமிழ்நாட்டுக் கிராமங்களில் சமீப காலம் வரை நடந்த விஷயம். 1909இல் பிரிட்டனின் வேக்ஃபீல்ட் கம்பெனி தன் புது ஆயிலுக்கு 'காஸ்ட்ரால்' என்று பெயர் வைத்ததும் அதில் கலந்த ஆமணக்கு எண்ணெயின் ஆங்கிலப் பெயரை ஒட்டித்தான்.

விளக்கெண்ணெய்க் கலவையின் பலவீனம் ஆல்கஹால். எத்தனால் 78 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடும், பியூட்டனால் 117இல். மலை இறக்கத்தில் பிரேக் டிரம் அதைவிடச் சூடாகும். திரவம் கொதித்தால் ஆவி. திரவத்தை அழுத்தினால் அழுத்தம் மறுமுனைக்குப் போகும், ஆவியை அழுத்தினால் அது சுருங்கிக்கொடுக்கும். மிதி இறங்கும், வண்டி நிற்காது.

கார்களின் வேகமும் எடையும் கூடியபோது கிளைக்கால் வகைத் திரவங்கள் வந்தன. 1960களின் பிற்பகுதியில் அமெரிக்க அரசு இதைச் சட்டமாக்கியது. டாட் 3, டாட் 4 என்ற பெயர்கள் அந்த நாட்டின் போக்குவரத்துத் துறையின் பெயர்ச் சுருக்கத்தில் இருந்து வந்தவை. டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது, டாட் 4 என்றால் 230. 'புதிதாக இருக்கும்போது' என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கிளைக்கால் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் டாட் 3க்குக் கேட்கப்படும் கொதிநிலை 140 டிகிரி மட்டுமே. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்வது கடைக்காரருக்கு வியாபாரம் ஆக அல்ல.

போர்க்கால ஜீப்பில் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலுக்குக் கீழே, தரைக்கு அடியில் இருக்கும். நான்கு சக்கரத்துக்கும் ஒரே வழி. ஒரு வீல் சிலிண்டர் ஒழுகினால் நான்கும் போச்சு. இப்படிப்பட்ட வண்டியில், வழியில் திரவம் குறைந்துவிட்டது என்று யாராவது இன்ஜின் ஆயிலைக் கொஞ்சம் ஊற்றினால் என்ன நடக்கும்? முதலில் ஒன்றும் நடக்காது. அதுதான் ஆபத்து. பிரேக் பிடிக்கும், வண்டி வீடு வந்து சேரும். பிறகு மெல்ல மெல்ல மாஸ்டர் சிலிண்டரின் கப் ஊதும். திரவம் திரும்பி வரும் சின்னத் துளையை அது அடைக்கும். காலை எடுத்தாலும் பிரேக் முழுதாக விடாது. டிரம் சூடாகும், திரவம் இன்னும் விரியும், பிரேக் இன்னும் இறுகும். கடைசியில் ஊதிய கப் கிழியும். அப்போது மிதி தரைக்குப் போகும். அது எந்த வளைவில் என்பது அவரவர் விதி. அப்படி ஊற்றிவிட்டால் வேறு வழியில்லை, குழாய்களைக் கழுவி, எல்லா ரப்பரையும் மாற்றத்தான் வேண்டும். இன்றைய செயற்கை ரப்பரும் இந்த விஷயத்தில் விதிவிலக்கு அல்ல.

டாட் 5 வேறு கதை. அது சிலிகான். ஈரத்தை உறிஞ்சாது, பெயிண்ட்டை அரிக்காது. கிடங்கில் வருடக்கணக்கில் நிற்கும் வண்டிகள் கூப்பிட்ட நேரத்தில் ஓட வேண்டும் என்பதால் அமெரிக்க ராணுவம் 1980களில் இதற்கு மாறியது. பழைய ஜீப்பை மெருகேற்றி வீட்டில் நிறுத்தி வைப்பவர்களுக்கும் இது பிடிக்கும். ஆனால் கிளைக்காலோடு கலக்காது. உள்ளே வந்த தண்ணீர் கரையாமல் தாழ்ந்த இடத்தில் தேங்கி அங்கேயே துருப்பிடிக்க வைக்கும். மாற்றுவதாக இருந்தால் பழையதை முழுதாக எடுத்துவிட்டு மாற்ற வேண்டும். பிறகு ஒரு குழப்பம்: டாட் 5.1 என்று ஒன்று உண்டு, அது சிலிகான் அல்ல, கிளைக்கால்! இந்தப் பெயரை வைத்தவர் யாரோ, அவருக்குக் கோயில் கட்டலாம். அடையாளம் நிறம்தான். டாட் 5 ஊதா. மற்றவை நிறமில்லாமலோ தேன் நிறத்திலோ இருக்கும்.

மசகான் முதல் மலைப்பாதை வரை

1945 அக்டோபர் 2ஆம் தேதி 'மஹிந்திரா அண்ட் மொஹம்மத்' என்ற கம்பெனி லூதியானாவில் தொடங்கியது. பங்குதாரர் குலாம் மொஹம்மத் பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சராகப் போய்விட, 1948இல் பெயர் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆனது. பம்பாயின் மசகான் பகுதியில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கினார்கள். பிறகு உயர்ந்த பானட் வைத்த சி.ஜே-3பி மாடல். அதை வைத்துப் பல பத்தாண்டுகள் ஓட்டினார்கள்.

ஆயில் விஷயத்தில் இந்திய ஜீப்பின் தனிக்கதை டீசல். பெட்ரோல் ஜீப்பின் உடம்பில் டிராக்டர் வழி வந்த டீசல் இன்ஜினும், பின்னர் எம்.எம்.540இல் பியூஜோ டீசல் இன்ஜினும் ஏறின. ஆக ஆக்ஸில் அமெரிக்கப் பரம்பரை, இன்ஜின் ஐரோப்பியப் பரம்பரை. வில்லிஸ் கையேட்டைத் தேடிப் பிடித்து அதில் உள்ள இன்ஜின் ஆயிலை இந்த டீசலுக்கு ஊற்றினால் பொருந்தாது. டீசல் கரியைத் தாங்க 'சி' எழுத்தில் தொடங்கும் தர ஆயில் வேண்டும், 'எஸ்' என்பது பெட்ரோலுக்கானது. வண்டியின் பெயரைப் பார்த்து ஆயில் வாங்குவதை விட, உள்ளே இருக்கும் ஒவ்வொரு உறுப்பும் எந்த ஊரில் பிறந்தது என்று பார்த்து வாங்குவது மேல். ஐம்பது வருடத்தில் மூன்று முறை இன்ஜின் மாறிய ஜீப்புகளும் இருக்கின்றன!

ரேடியேட்டர் பற்றி அதிகம் இல்லை. 1927இல் எத்திலீன் கிளைக்கால் கூலண்ட் 'பிரஸ்டோன்' என்ற பெயரில் சந்தைக்கு வந்தது, அதற்கு முன்பு குளிர் நாடுகளில் ஆல்கஹால் ஊற்றுவார்கள், அது கொதித்துப் போய்விடும். தமிழ்நாட்டில் உறையும் பயம் இல்லாததால் பலரும் குழாய்த் தண்ணீரே ஊற்றுகிறார்கள். உப்புத் தண்ணீர் உள்ளே சுண்ணாம்பாகப் படிந்து, துருவும் சேர்ந்து, செம்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைக்கும். காய்ச்சி வடித்த தண்ணீரும் பழைய பாணிப் பச்சைக் கூலண்டும் போதும். 1990களின் நடுவில் வந்த நீண்ட ஆயுள் ஆரஞ்சு வகைகள் ஈயப் பற்றுவைத்த பழைய ரேடியேட்டருக்கு அவ்வளவு தோதில்லை.

பழைய ஃபோர் வீல் வண்டி வாங்கியவர்கள் பெரும்பாலும் முதல் நாளே எல்லாவற்றையும் வடித்துவிட்டுப் புதிதாக ஊற்ற நினைப்பார்கள். நல்லதுதான். வடிக்கும்போது பாக்ஸில் இருந்து பால் கலந்த டீ மாதிரி ஏதாவது வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, ஆற்றைக் கடந்த வண்டியாக இருக்கலாம். தங்கப்பொடி மாதிரி மினுமினுத்தால் அது சிங்க்ரோனைசரின் பித்தளை. ஆனால் அடியில் உள்ள வடி பிளக்கைக் கழற்றுவதற்கு முன்பு, பக்கவாட்டில் இருக்கும் ஊற்றும் பிளக் கழல்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நாற்பது வருடமாகத் திறக்காத பிளக் துருவேறி இறுகியிருந்தால், இருந்த ஆயிலையும் வடித்துவிட்டு, புது டின்னைக் கையில் வைத்துக்கொண்டு, ஊற்ற வழியில்லாமல் நிற்க வேண்டியதுதான்.